ரஃப் காப்பியையும் ஒட்டுங்கள்

பெண்ணாடத்தில் தமிழாசிரியராக இருக்கும் எனக்கு, பிள்ளைகளின் கதை, கவிதைகளைச் சுவரிதழாக ஒட்டுவது பழகிய வேலை. கூட்டம் கூடும், ‘சூப்பர்’, ‘அருமை’ என்பார்கள். அந்தப் பாராட்டால் எழுதிய பிள்ளைக்கு அடுத்த வரி வராது. சக மாணவரின் வாசிப்பு எழுத்தை வளர்க்க வேண்டுமானால், அவர்களிடம் எதைக் கேட்கிறோம் என்பதை மாற்ற வேண்டும். எங்களுக்குப் பலன் தந்தவை இவை.

கருத்து வேண்டாம், கேள்வி போதும்

வாசிப்பவர் துண்டுச் சீட்டில் ஒரே ஒரு கேள்வி எழுதி ஒட்ட வேண்டும். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, கரும்பு இனிக்கும், உழவர் வாழ்வு கசக்கும் என்று எழுதியிருந்தாள். பக்கத்து பெஞ்சுக்காரி கேட்டாள்: “கட்டிங் ஆர்டர் லேட்டானா உங்க வீட்ல என்ன நடக்கும்?” (கரும்பை வெட்டலாம் என்று சர்க்கரை ஆலை தரும் உத்தரவுதான் கட்டிங் ஆர்டர்.) அடுத்த முறை எழுதியபோது கசப்பு என்ற சொல்லே இல்லை. பூத்து நிற்கும் கரும்பைப் பார்த்து, எவ்வளவு எடை குறையுமோ என்று கணக்குப் போடும் அப்பா வந்தார். வெட்டாளுக்கு முன்பணம் கொடுக்க அடகுக்கடைக்குப் போன அம்மாவின் தோடு வந்தது.

எழுதியவர் பேசக் கூடாது

படைப்பை வேறொருவர் உரக்கப் படிக்க, எழுதியவர் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும். 1936இல் அமெரிக்காவில் தொடங்கிய அயோவா எழுத்துப் பட்டறையில் நெடுங்காலம் இருந்த வழக்கம் இது. “நான் என்ன சொல்ல வந்தேன்னா சார்” என்று வாயால் விளக்கிவிட்டால், அந்த விளக்கம் தாளுக்கு வராமலே போய்விடும்.

பிழை திருத்தம் கடைசியில்

ஒற்று விட்டுப்போனதைக் கண்டுபிடிப்பதில் பிள்ளைகளுக்குத் தனி உற்சாகம். கதையை விட்டுவிட்டுச் சந்தியைப் பிடித்துக்கொள்வார்கள். ஆகவே முதல் சுற்றில் சிவப்புப் பேனா கிடையாது. ஃபேர் காப்பி எழுதும் முன்புதான் அது வெளியே வரும்.

சின்னவர்களும் படிக்கட்டும்

ஒன்பதாம் வகுப்பின் கதையை ஆறாம் வகுப்பிடம் கொடுப்பேன். புரியாததைப் புரியவில்லை என்று கூசாமல் சொல்பவர்கள் அவர்கள்தான். பெரிய பிள்ளைகள் முகம் சுளித்தால் ஊர்க் கதையையே எடுப்பேன்: பெண்ணாடத்தில் பிறந்த சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டாருக்கு, வயதில் மூத்தவரான அருள்நந்தி சிவாச்சாரியார் மாணவரானதாகத்தானே மரபு சொல்கிறது!

வெளியூருக்கு அனுப்புங்கள்

பிரான்சில் 1920களில் செலஸ்தீன் பிரெனே என்ற ஆசிரியர் வகுப்பறைக்குள்ளேயே அச்சு இயந்திரம் வைத்தார். பிள்ளைகள் எழுதியதை வகுப்பே சேர்ந்து திருத்தி, அச்சிட்டு, தொலைவிலுள்ள பள்ளிக்கு அனுப்பியது. எங்களுக்கு ஜெராக்ஸும் தபாலும் போதுமானதாக இருந்தன. கடலோரப் பள்ளி ஒன்றுடன் இதழ் மாற்றிக்கொண்டோம். அவர்கள் ‘தடைக்காலம்’ என்று சாதாரணமாக எழுதியிருந்தார்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது என்பது எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது. “அப்ப வீட்டுச் செலவுக்கு என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டு எழுதினார்கள். அங்கிருந்து, கட்டிங் ஆர்டர் என்றால் என்ன என்ற கேள்வி வந்தது. உள்ளூரில் எல்லாருக்கும் தெரிந்ததை எழுதாமல் விடுகிறோம் என்பதை வெளியூர் வாசகர்தான் காட்டிக்கொடுக்கிறார்.

வீட்டு விஷயம் என்றால் கேட்டு ஒட்டுங்கள்

கடன், அப்பாவின் குடி எல்லாம் எழுத்தில் வரும். சிறிய ஊரில் அது சாயங்காலத்துக்குள் தெருவுக்குப் போய்விடும். பிள்ளையைத் தனியாக அழைத்து, “இத ஒட்டலாமாப்பா?” என்று கேளுங்கள். புனைபெயர் போட்டாலும் கையெழுத்து காட்டிக்கொடுக்கும். வேறொருவர் கையெழுத்தில் எழுதி ஒட்டுங்கள். பிள்ளை வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

கடைசியாக, ஃபேர் காப்பியை மட்டும் ஒட்டாதீர்கள். பக்கத்தில் ரஃப் காப்பியும், அதை மாற்ற வைத்த கேள்விச் சீட்டும் இருக்கட்டும். “எனக்கெல்லாம் எழுத வராது சார்” என்பவன், நன்றாக எழுதுகிறவளும் அடித்துத் திருத்தித்தான் எழுதுகிறாள் என்று கண்ணால் பார்ப்பான். கேள்வி கேட்டவர் பெயரையும் எழுதியவர் பெயருக்குக் கீழே போடுங்கள்; அடுத்த இதழுக்குக் கேள்விகள் தாமாக வரும். பள்ளிக் கல்வித்துறையின் ‘தேன்சிட்டு’ இதழுக்குப் படைப்பு அனுப்புவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.