பனியனில் பதித்த படம் உரிவதேன்?

தாளில் அச்சிட்ட படத்தை வெப்ப அச்சினால் பனியனில் பதிக்கிறோம். முதற் சலவையிலேயே அது உரிந்துவிட்டால், போவது தாளின் விலை மட்டுமன்று. பனியனின் விலையும் உடன் போகிறது.

திருப்பூரில் பெரிதும் வழங்கும் பிளாஸ்டிசால் மை காற்றில் உலர்வதன்று. பி.வி.சி. தூளை, அதனை இளக்கும் திரவத்திற் கலந்து ஆக்கிய அம்மை, ஏறக்குறைய 160 டிகிரி சென்டிகிரேடு சூட்டிலேதான் முழுமையாக இறுகும். தாளில் அச்சிடுவோர் அதனை அரைப்பதத்தில் நிறுத்துவர். மீதிப் பதம் பனியன்மீது அழுத்தும்போது வரவேண்டும். (சோறு வடிப்போருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.) தாளிலேயே முழுதும் வெந்துவிட்ட மை நூலைப் பற்றாது. அத்தகைய தாளுக்குச் சூட்டை எவ்வளவு ஏற்றினும் பயனில்லை. துணி கருகுவதே மிச்சம்.

தாள் நல்லதாயிருந்தும் ஓரம் மட்டும் எழும்பினால், அழுத்தம் சீராக விழவில்லை எனக் கொள்ளலாம். பெரும்பாலும் கழுத்துப் பட்டையோ தையலோ தகட்டின்கீழ் அகப்பட்டிருக்கும். ஆறியபின் மெல்ல இழுக்கையில் படம் வெடித்தால், சூடோ நேரமோ போதவில்லை. மணப்பட்டு போன்ற கடலோர ஊர்களில் பருத்தி காற்றின் ஈரத்தை வாங்கி வைத்திருக்கும். ஆதலின், படம் வைக்குமுன் வெறும் பனியனைச் சில விநாடி அழுத்தி எடுத்தல் நலம்.

சுடச்சுட உரிக்கவேண்டிய தாளும் உண்டு, ஆறவிட்டு உரிக்கவேண்டிய தாளும் உண்டு. எது எதுவென்று விற்பவரிடம் கேட்டு வாங்குக.

பாலியெஸ்டர் கலந்த சிவப்புப் பனியனில் பதித்த வெள்ளைப் படம் ஓரிரு நாளில் இளஞ்சிவப்பாகக் கூடும். துணியின் சாயம் சூட்டினால் கிளம்பி மையினுள் ஏறுவதே காரணம். ஆகவே ஒரு பனியனில் மட்டும் பதித்து, இரண்டு நாள் வைத்திருந்து, சலவையும் செய்து பார்த்த பின்னரே மற்றவற்றைத் தொடங்குக.