ஒட்டு ரோசாவும் காட்டுத் தளிரும்

மலைநாட்டிலிருந்து ஆசையோடு கொண்டுவந்த ரோசா முதல் வருடம் சிவப்பாகப் பூத்ததாம். அடுத்த வருடம் பூவே இல்லை, செடி மட்டும் வேலிபோல் படர்ந்துவிட்டதாம். நாவூறுதான் காரணம் என்றார் உயிலங்குளத்து அம்மா ஒருவர்.

காரணம் செடியின் அடியில் இருந்தது. கடையில் விற்கும் ரோசாக்களில் பல, காட்டு ரோசாவின் அடிக்கட்டையில் நல்லினத்தின் அரும்பை வைத்து ஒட்டியவை. இதற்குப் பெரிதும் பயன்படுவது கிழக்காசியாவின் 'மல்டிபுளோரா' என்ற காட்டு இனம். சோளகக் காற்றிலும் வெயிலிலும் மேற்பகுதி வாடும்போது, காட்டு அடி தன் தளிரை விட்டுச் சத்தை இழுத்துக்கொள்ளும்.

சிற்றிலை ஏழு இருந்தால் காட்டுத் தளிர் என்பார்கள். அதை நம்பி வெட்டாதீர்கள். நல்லினத்திலும் ஏழு வரும். மண்ணை விலக்கி ஒட்டு முடிச்சைப் பாருங்கள். அதற்குக் கீழே முளைப்பதுதான் காட்டுத் தளிர். அதை மேலாக நறுக்கினால் ஒன்று நான்காகும் (நானும் அப்படிச் செய்து கெடுத்தவன்தான்). தொடங்கும் இடத்திலேயே கையால் பிய்த்தெடுக்க வேண்டும்.

நமக்குச் சொந்த வேரில் வளரும் பன்னீர் ரோசாவே மேல். மாரி தொடங்கும் ஐப்பசியில், பென்சில் பருமனான முற்றிய தடியை ஒரு சாண் நீளத்தில் வெட்டி, நிழலில் நடுங்கள். அதன் அடியில் எது முளைத்தாலும் அதே பூதான். வெப்பநாட்டுக்கான ரோசாவைத் தேடிய கொடைக்கானல் வீரராகவன்கூட வங்காளத்து ஆற்றோரக் காட்டு ரோசாவையே இனக்கலப்புக்கு எடுத்தார்.

நாக்கில் கரிக்கும் கிணற்றுநீர் மட்டும் வேண்டாம். இலையோரம் கருகும். அரிசி கழுவிய நல்ல தண்ணீர் போதும். அதையும் காலையில் வேரடியில் ஊற்றுங்கள்.