தார்ப்பாய்க்குள் பெய்த மழை



முதலாண்டு வேதியியலில் அரிமானம் என்று ஒரு பாடம் வரும். நம்மில் பலருக்கு அது ஒரு பரீட்சைக் கேள்வி, அவ்வளவுதான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. படம் வரைந்து, ஆனோடு கேத்தோடு என்று அம்புக்குறி போட்டு, மார்க்கும் வாங்கிவிட்டேன். அதே சமயத்தில், மன்னார்குடிப் பக்கம் எங்கள் வீட்டு வாசலில், நானே கட்டிவைத்த தார்ப்பாய்க்குள் அந்தப் பாடம் செய்முறையாக நடந்துகொண்டிருந்தது. அது எனக்குத் தெரியாது!

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, எங்கள் டிராக்டர் நின்ற கொட்டகையின் தகரம் பறந்துபோய்விட்டது. நல்லவேளையாக வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கொட்டகையைத் திரும்பப் போடக் கையில் காசு இல்லை. பேங்க் தவணை வேறு. "தற்சமயத்துக்கு ஒரு தார்ப்பாயப் போட்டு இறுக்கிக் கட்டிடுவோம் தம்பி" என்றார் அப்பா. கட்டியவன் நான்தான். நீலத் தார்ப்பாய், நைலான் கயிறு. ஒரு சொட்டு உள்ளே போகக்கூடாது என்று தரைவரை இழுத்து, ஓரத்தில் செங்கல் வைத்து அழுத்தி, அப்படி ஒரு கட்டு! சம்பா நடவு முடிந்தால் அறுவடை வரை வண்டிக்கு அதிகம் வேலை இருக்காது, மழையும் அப்போதுதான். ஆக, மழைநாள் முழுவதும் வண்டி அதற்குள்ளேயே கிடக்கும். அப்பா சொன்ன ‘தற்சமயம்’ மூன்று மழைக்காலமாக நீண்டது.

2021 பொங்கல் கழிந்ததும், வண்டியை மாற்றலாம் என்று அப்பா ஒரு தரகரை அழைத்துவந்தார். தார்ப்பாயை எடுத்தோம். பானெட்டின் மேல்பக்கம் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. தரகர் நகத்தால் ஒன்றைக் கிள்ளினார். பெயிண்ட் அப்பளம் மாதிரி உடைந்தது; உள்ளே பழுப்புத் தூள். மட்கார்டு விளிம்பில் பிரைமர் வரை தேய்ந்துபோயிருந்தது. "என்னண்ணே, வண்டிய மழையிலயே போட்டுட்டீங்களா?" என்றார். "இல்லப்பா, மூடித்தான் வச்சிருந்தோம்" என்று அப்பா சொன்னதை அவர் நம்பவில்லை. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பதற்கு முன்பே விலையில் 40,000 ரூபாயைக் குறைத்துவிட்டார். அப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

மூடிவைத்த வண்டி எப்படி நனைந்தது? இதற்கு விடை காண ஒரு கண்ணாடி டம்ளர் போதும். மாலையில் அதை ஈரமண் தரையில் கவிழ்த்து வையுங்கள். விடியற்காலையில் போய்ப் பாருங்கள். டம்ளரின் உள்பக்கம் வியர்த்திருக்கும். மேலேயிருந்து ஒரு துளியும் போகவில்லை. தண்ணீர் கீழேயிருந்து வந்தது. பகலெல்லாம் சூடு வாங்கிய ஈரமண் இரவில் ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். தார்ப்பாயோ திறந்த வானத்தைப் பார்த்துக் கிடப்பதால், தன் வெப்பத்தை மேலே விட்டுவிட்டுச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும். அதோடு ஒட்டிக் கிடக்கும் பானெட் தகடும் குளிரும். மண்ணிலிருந்து எழும்பிய ஆவி அங்கே போய்த் தண்ணீராக மாறும். பகலில் வெயில் அடித்தாலும் அது காயாது. காற்று வந்துபோனால்தானே காயும்? பக்கத்து வீட்டு வண்டி திறந்த வெளியில் நனைந்தது, மழை விட்டதும் காய்ந்தது. எங்கள் வண்டி மாதக்கணக்கில் ஈரத்தோடேயே இருந்தது.

பெயிண்ட் என்பது தண்ணீர் புகாத சுவர் என்று நாம் நினைக்கிறோம். அது சரியல்ல. நீராவியும் ஆக்ஸிஜனும் மெல்ல மெல்ல அதற்குள் ஊடுருவும். நாள்கணக்கில் ஈரம் தேங்கி நின்று, படலத்துக்கு அடியில் துளி உப்பும் இருந்துவிட்டால், அந்த உப்பு தண்ணீரை இழுத்துக் கொப்புளமாக எழுப்பிவிடும். எங்கள் பக்கம் உப்புக்கு என்ன பஞ்சம்? வயலுக்குப் போடும் பொட்டாஷே ஒரு குளோரைடு உப்புதான். உர மூட்டை ஏற்றி இறக்கிய வண்டியைக் கழுவாமல் மூடினால் வினையை உள்ளே வைத்து மூடியது போல. இரும்பு துருவாகும்போது முன்னைவிட அதிக இடத்தை அடைக்கும். அது பெயிண்டை நெம்பித் தூக்கும். கேத்தோடுப் பகுதியில் உண்டாகும் காரமோ பெயிண்டின் பிடியை விடுவிக்கும். இதைத்தான் நான் அம்புக்குறி போட்டு எழுதி மார்க் வாங்கியிருந்தேன்!

மட்கார்டு தேய்ந்த கதை வேறு. காற்றில் தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொள்ளும். அதற்கும் பெயிண்டுக்கும் நடுவே வயல் புழுதி. இரவெல்லாம் யாரோ உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரிதான். அழுத்தமாகக் கட்டிய கயிறு அந்த வேலையை இன்னும் நன்றாகச் செய்தது.

வண்டியை விற்கவில்லை. பெயிண்டர் மேஸ்திரி ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினோம். நான் ஆர்வத்தில், "மேலே ஒரு கோட்டிங் அடிச்சிடலாமா அண்ணே?" என்று கேட்டேன். "தம்பி, துருவுக்கு மேல அடிச்சா அதுக்குப் போர்வை போத்தின மாதிரி. உள்ள நல்லாத் தூங்கி வளரும்" என்று சிரித்தார். கொப்புளத்தைச் சுரண்டி, வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, அன்றைக்கே ரெட் ஆக்ஸைடு பிரைமர், அது காய்ந்தபின் எனாமல் இரண்டு கோட்டிங். தேய்த்த இரும்பை ராத்திரிக்கு விட்டுவைத்தால் பனியில் மறுபடியும் துரு பூத்துவிடுமாம். பழைய பெயிண்டும் புதிய பெயிண்டும் ஒன்று சேரவில்லை. இன்றைக்கும் பானெட்டில் திட்டு தெரியும்.

பிறகு கொட்டகைக்கு வந்தோம். இந்தத் தடவை சவுக்குக் கம்பு, சொந்த மரத்துத் தென்னங்கீற்று. நாலு பக்கமும் திறப்பு. "பக்கத்துல மறைப்பு வேண்டாமா?" என்று அப்பாவுக்குச் சந்தேகம். சாரல் அடிக்கும் மூலையில் மட்டும் ஒரு தட்டி வைத்தோம். மேலே கூரை இருந்தால் தகடு வானத்துக்கு வெப்பத்தை இழக்காது. அதனால் பனியும் அவ்வளவாகப் படியாது. மிச்ச ஈரத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும். வெயிலும் நேரே படாது. வருஷக்கணக்கில் வெயில்பட்ட பானெட்டை விரலால் தடவினால் சாக்பீஸ் மாதிரி நிறம் ஒட்டும் அல்லவா? அது புற ஊதாக் கதிர் செய்யும் வேலை. கீற்றுக் கொட்டகையில் ஒரு ஆபத்தும் உண்டு. சைலன்சர் வாய்க்கும் கீற்றுக்கும் நல்ல இடைவெளி வேண்டும். வைக்கோல் போரையும் அங்கே போடக்கூடாது. தீ ஒருபக்கம், ஒயரைக் கடிக்கும் எலி மறுபக்கம்.

கொட்டகைக்கு வசதியே இல்லை, தார்ப்பாய்தான் என்றால், கம்பு நட்டுப் பந்தல் மாதிரி ஒரு முழ உயரத்தில் நிற்க வையுங்கள். பெயிண்டில் எங்கும் படக்கூடாது, பக்கங்கள் திறந்திருக்கட்டும். தரையில் பழைய சாக்கோ பாலிதீனோ விரிப்பதானால் பாலிதீனை விரியுங்கள். மண் ஆவியை அதுதான் தடுக்கும்.

கழுவுவதில் எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றை நான் இப்போது எதிர்க்கிறேன். கழுவி முடித்ததும் டீசலில் துணி நனைத்துத் துடைப்பார்கள். பளபளவென்று மின்னும், உண்மைதான். மறுநாளே அந்த எண்ணெய்ப் பிசுக்கில் புழுதி அப்பிக்கொள்ளும்; ரப்பர் ஹோஸும் ஊறிப்போகும். சலவை சோடா கரைசலும் வேண்டாம். காரம் எனாமலைத் தின்னும். வெறும் தண்ணீர், கொஞ்சம் ஷாம்பு, மென்மையான துணி போதும். பிரஷர் துப்பாக்கியைத் தகட்டுக்குக் கிட்டக் கொண்டுபோனால் விளிம்பில் பெயிண்ட் உரிந்துவிடும். சேற்றை மட்டும் மூலைமுடுக்கில் விட்டுவைக்காதீர்கள். சேறு ஒட்டிய இடத்தில் ஆக்ஸிஜன் குறைவு, ஆகவே அதுதான் ஆனோடு. அரிப்பு அங்கேதான்.

கல்டிவேட்டர் கொழு, ரோட்டவேட்டர் பிளேடு, கேஜ் வீலின் தேய்ந்த பட்டை இவற்றில் பெயிண்ட் நிற்காது. மண் தேய்த்துவிடும். அவற்றுக்குப் புதுக் கிரீஸ்தான். பழைய எஞ்சின் ஆயிலில் அமிலம் சேர்ந்திருக்கும் என்பதால் அதை நான் தடவுவதில்லை. கருவிகளை மரக்கட்டையின் மேல் வைக்கிறோம்.

சைலன்சர் வாயில் மழை இறங்காமல் ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்து வைப்பதும் என் யோசனைதான். போன கார்த்திகையில் அதை எடுக்க மறந்து அப்பா வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டார். டப்பா எகிறிப்போய்ப் பக்கத்து வீட்டு மாட்டுத்தொட்டியில் விழுந்தது. இப்போது டப்பாவை ஒரு கயிற்றில் கட்டி, கயிற்றின் மறுமுனையை ஸ்டீயரிங்கில் மாட்டிவைத்திருக்கிறோம்.