மெட்டல் கச்சேரிக்குப் போகும் தங்கைக்கு அக்கா சொல்வது

தோழியோடு பெங்களூருக்கு மெட்டல் கச்சேரி பார்க்கப் போகிறேன் என்கிறாய். தாராளமாகப் போ. 2007-இல் அயர்ன் மெய்டனும் 2011-இல் மெட்டாலிகாவும் அங்கே பேலஸ் கிரவுண்ட்ஸில் வாசித்தார்கள். 2012-இல் தொடங்கிய ‘பெங்களூர் ஓப்பன் ஏர்’ விழாவும் அந்த ஊருடையதுதான். என்னைக் கேட்டால், இந்த இசையை நேரில் கேட்க நம் நாட்டில் அதைவிட நல்ல ஊர் இல்லை. எங்கே, யாரோடு, எத்தனை மணிக்கு முடியும் என்பதை அம்மாவிடம் மறைக்காமல் சொல்லிவிட்டுக் கிளம்பு.

டிக்கெட் எடுத்த கையோடு இரண்டு பேருக்கும் இயர்ப்ளக் வாங்கிவிடு. மற்றது எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. மெட்டல் மேடைக்கு முன்னால் சத்தம் 100 டெசிபெலைத் தாண்டுவது சாதாரணம். 85 டெசிபெல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனம் சொல்லும் வரம்பு. அதற்கு மேல் 3 டெசிபெல் கூடக்கூட அந்த நேரம் பாதி பாதியாகக் குறையும். அந்தக் கணக்கில் 100 டெசிபெலுக்கு வெறும் 15 நிமிடம். உன் கச்சேரியோ மணிக்கணக்கில் நடக்கும். உட்காதின் நுண்மயிர்ச் செல்கள் செத்தால் மறுபடி முளைக்காது.

பஞ்சு உதவாது. ஃபோம் இயர்ப்ளக்கை விரல்களுக்கிடையே மெல்லிசாக உருட்டி, இன்னொரு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதை மேல்நோக்கி இழுத்துப் பிடித்தபடி உள்ளே செருகு. அது விரியும்வரை விரலால் அழுத்திக்கொண்டிரு. வீட்டிலேயே பழகிப் பார். ஃபோம் போட்டால் பாட்டு கொஞ்சம் மந்தமாகத்தான் கேட்கும். இந்த இசை பிடித்துப்போய் அடிக்கடி போவதானால், இசைக்கென்றே செய்யும் சிலிக்கான் இயர்ப்ளக்குக்குக் காசு செலவழிக்கலாம், தகும்.

உங்கள் இருவரில் ஒருத்திக்கு மெட்டல் உயிர், மற்றவள் துணைக்கு வருகிறாள் என்றால், எங்கே நிற்பது என்பதை உள்ளே நுழையும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். கூட்டத்தின் நடுவே சவுண்ட் என்ஜினியர் உட்கார்ந்திருக்கும் கூடாரத்தைத் தேடிப் பிடியுங்கள். அவர் தன் காதுக்குக் கேட்பதை வைத்தே ஒலியைச் சீராக்குவதால், அந்தப் பக்கம்தான் பாட்டு நன்றாகக் கேட்கும். நெரிசலும் முன்வரிசை அளவுக்கு இருக்காது. பிரிந்துவிட்டால் சந்திக்கும் இடமாகவும் அதையே வையுங்கள். அத்தனை கூட்டத்தில் போன் சிக்னலை நம்ப முடியாது. டிக்கெட்டையும் முன்கூட்டியே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவை.

மேடைக்கு எதிரே திடீரென்று வட்டமாக இடம் விலகினால் அங்கே ‘மாஷ் பிட்’ ஆரம்பிக்கிறது என்று அர்த்தம். ஒருவரையொருவர் மோதித் தள்ளி ஆடுவார்கள். பார்க்கச் சண்டை போலிருக்கும், ஆனால் அதற்கு முறை உண்டு. யாராவது விழுந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் உடனே தூக்கிவிட வேண்டும் என்பது அதில் முதல் விதி. நீயும் தூக்கிவிடு. உனக்கு வேண்டாமென்றால் கூட்டத்தை எதிர்த்துத் தள்ளாதே. இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் மடித்து மூச்சுக்கு இடம் வைத்துக்கொண்டு, தள்ளல் ஓயும் நேரத்தில் சாய்வாகப் பக்கவாட்டில் நகர்ந்து வெளியே வா. யாராவது வேண்டுமென்றே மேலே கை வைத்தால் பொறுத்துக்கொண்டு நிற்காதே. உரக்கச் சத்தம் போட்டு, பாதுகாவலரைக் கூப்பிடு.

தலையாட்டுவதிலும் கவனம் வேண்டும். 2008-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஓர் ஆய்வு, தலையாட்டும் பாட்டுகளின் சராசரி வேகம் நிமிடத்துக்கு 146 தட்டு என்றது. அந்த வேகத்தில் தலை 75 பாகைக்கு மேல் வீசி ஆடினால் தலையில் லேசான காயம் ஏற்படக்கூடும் என்றும் சொன்னது. குறைவாக ஆட்டு, ஒரு தட்டு விட்டு ஒரு தட்டுக்கு ஆட்டு.

கால் முழுக்க மூடிய ஷூ போடு. வளையக் காதணியும் துப்பட்டாவும் வேண்டாம். வயிறாரச் சாப்பிட்டு, நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டுப் போ. பாட்டிலையும் பவர்பேங்கையும் பல இடங்களில் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், டிக்கெட்டில் உள்ள விதிகளைப் படித்துவிடு.

இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பதால் அதற்குள் முடித்துவிடுவார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் வண்டி தேடுவார்கள். திரும்பும் வண்டியையும் தங்கும் இடத்தையும் முதலிலேயே ஏற்பாடு செய்துகொள். தோழியை விட்டு ஒருத்தி மட்டும் தனியாகக் கிளம்பவே கூடாது.

மறுநாள் காதில் ‘ங்ங்’ என்று இரைச்சல் இருந்தால் அன்றைக்கு ஹெட்போன் தொடாதே. இரண்டு நாளிலும் அடங்காவிட்டால் தள்ளிப்போடாமல் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய்க் காட்டு.