சரக்கு வண்டிக்கு வாயுவா, பாட்டரியா?

டீசல் விலை ஏறும்போதெல்லாம் நம் வணிகர்களிடையே ஒரே பேச்சுதான்: சரக்கு ஏற்றும் வண்டியை வாயுவுக்கு மாற்றலாமா, பாட்டரி வண்டியே வாங்கிவிடலாமா? விற்க வருபவர் ஒரு கணக்குச் சொல்வார். அவர் சொல்லாமல் விடுவதையும் சேர்த்து நாமே ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மாற்றுச் செலவு ரூ. 60,000, கிலோமீட்டருக்கு மிச்சம் 2 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 50 கிலோமீட்டர், மாதம் 25 நாள் ஓட்டம் என்றால் மாதம் ரூ. 2,500 மிச்சம், 24 மாதத்தில் போட்ட முதல் திரும்பிவிடும். அதே வண்டி மண்டிக்கும் கடைக்குமாக நாளுக்கு 15 கிலோமீட்டர்தான் ஓடுகிறதா? மாத மிச்சம் ரூ. 750. முதல் திரும்ப 80 மாதம். அதற்குள் வண்டிக்கே வயதாகிவிடும்.

இன்னொன்றும் உண்டு. வாயு நிரப்ப வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் வரிசையில் நின்றால் மாதம் 8 மணி. ஓட்டுநர் கூலியும் தாமதமும் சேர்த்து மணிக்கு ரூ. 150 என்று வைத்தாலே ரூ. 1,200 போய்விடுகிறது. மேலே சொன்ன 24 மாதம் இப்போது 46 மாதமாகிறது. சிலிண்டர் அடைக்கும் இடத்தையும் அதன் எடையையும் மூட்டைக் கணக்கில் கழிக்க வேண்டும்.

வரிசை என்பது கற்பனை அல்ல. டில்லியின் பஸ்கள் எல்லாம் 2001 மார்ச் 31-க்குள் சி.என்.ஜி.க்கு மாற வேண்டும் என்று 1998 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கெடு வந்தபோது வண்டிகளும் போதவில்லை, நிரப்பும் நிலையங்களும் போதவில்லை. ஆட்டோக்காரர்கள் மணிக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். கெடு நீட்டிக்கப்பட்டு, 2002 டிசம்பரில்தான் நகரப் பஸ்களின் மாற்றம் முடிந்தது. நிலையம் இல்லையென்று வண்டி வாங்குவோர் தயங்குவார்கள். வண்டி இல்லையென்று நிலையம் போடுவோர் தயங்குவார்கள். டில்லியில் அந்த முடிச்சை அவிழ்க்க நீதிமன்றமே வேண்டியிருந்தது.

புதுப் பொருள் பரவும் விதத்தை 1969-இல் பிராங்க் பாஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் ஒரு சூத்திரமாக எழுதினார். தாமாகவே துணிந்து வாங்குவோர் சிலர். வாங்கியவரைப் பார்த்து வாங்குவோர் பலர். புது சோப்பு கடைக்கு வந்தால் நாம் காண்பதும் இதுதானே? ஆனால் சோப்புக்கு நிரப்பும் நிலையம் வேண்டாம். எனவே பக்கத்துக் கடைக்காரர் மாற்றினார் என்பது போதாது. நம் வழக்கமான பாதையில் இரண்டு நிலையங்களாவது இருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் இருந்து அது பழுதானால் அன்றைய சரக்கு மண்டியிலேயே கிடக்கும்.

இனி ஆபத்தைப் பார்ப்போம். நம்மில் பலர் இரவில் வண்டியைக் கிடங்குக்குள்ளேயே நிறுத்துகிறோம். உள்ளே தீப்பெட்டிப் பண்டல், கற்பூரம், எண்ணெய் டின். இங்கே எரிபொருளின் குணம் தெரிந்திருக்க வேண்டும்.

எல்.பி.ஜி. காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் தரையோடு பரவிப் பள்ளத்திலும் சாக்கடையிலும் தங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே தீப்பற்றும். ஆகவே தரைக்குக் கீழ் அறை உள்ள கட்டடத்தில் எல்.பி.ஜி. வண்டியை நிறுத்தவே கூடாது. சி.என்.ஜி. காற்றைவிட இலேசானது; தீப்பற்ற நூற்றுக்கு ஐந்து பங்கு கலக்க வேண்டும். வெட்டவெளியில் மேலே போய்க் கலைந்துவிடும். ஆனால் மூடிய கூரைக்கடியில் தேங்கும். கூரையை ஒட்டித் திறப்பு இல்லாத கிடங்கு அதற்கும் ஆகாது. கசிவைக் காட்ட வாயுவில் வாடை சேர்க்கிறார்கள் என்பது உண்மை. பெருங்காயமும் மிளகாயும் நிறைந்த நம் கிடங்கில் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

சி.என்.ஜி. சிலிண்டரில் அழுத்தம் சுமார் 200 பார். கார் டயரைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு. அதனால்தான் மூன்றாண்டுக்கு ஒருமுறை சோதனை கட்டாயம்.

பாட்டரி வண்டியில் வாயுக் கசிவு இல்லை. சார்ஜ் ஏற்றும் இடமே கவலை. 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் இரவு சார்ஜில் இருந்த ஸ்கூட்டர் தீப்பற்றி, புகையில் தந்தையும் மகளும் இறந்தனர். அதே ஆண்டு டிசம்பரிலிருந்து பாட்டரிக்கான பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டன. கடைக்கு மேலே குடியிருப்போர் மாடிப்படிக்கு அடியில் சார்ஜ் போடுவதை உடனே நிறுத்த வேண்டும். தீப்பற்றினால் வெளியேற வேறு வழி இருக்காது. லித்தியம் பாட்டரி தீ அணைந்தபின் மீண்டும் பற்றக்கூடியது. எனவே அணைந்த வண்டியைக் கட்டடத்தருகே விடக்கூடாது.

வீட்டுச் சமையல் சிலிண்டரை வண்டியில் மாட்டுவது சட்டவிரோதம். அங்கீகாரம் பெற்ற கடையில் பொருத்திய கிட் ஆனாலும் ஆர்.சி. புத்தகத்தில் பதிவு செய்து, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இல்லையேல் விபத்தின்போது இழப்பீடு மறுக்கப்படலாம். பழைய வாயு வண்டியை வாங்குவோர் இந்தப் பதிவையும் சிலிண்டரில் பொறித்திருக்கும் கடைசிச் சோதனைத் தேதியையும் நேரில் பார்த்த பிறகே முன்பணம் கொடுக்கவும்.