இரவில் இறங்கும் ஏர், காலையில் விடாத ஹேண்ட் பிரேக்

கேள்வி: ஐயா, பத்துபஸ்தியிலிருந்து மாயாபந்தர் பக்கம் சிமெண்ட் ஏற்றிப்போகும் பத்துச் சக்கர லாரி வைத்திருக்கிறேன். இரவு ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தினால் காலையில் ஏர் கேஜ் முள் பூஜ்யத்தில் நிற்கிறது. ஏர் ஏறிய பிறகும் சில நாள் பின்சக்கரம் விடுவதில்லை. பின் பூஸ்டர்களை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். சென்னையிலிருந்து கப்பலில் வர வேண்டும். மாற்றிவிடலாமா?

– லாரி உரிமையாளர், பத்துபஸ்தி

பதில்: இப்போதைக்கு ஆர்டர் போடாதீர்கள். நீங்கள் சொல்லும் அடையாளம் பூஸ்டரைக் குற்றம் சொல்லவில்லை. ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து நிறுத்துவது ஏர் அல்ல, பூஸ்டருக்குள் இருக்கும் ஸ்பிரிங். லிவரைப் போட்டதும் ஸ்பிரிங் அறையின் ஏர் வெளியேறிவிடும், ஸ்பிரிங் விரிந்து பிரேக் பிடிக்கும். காற்று போனால் வண்டி நிற்க வேண்டும் என்ற இந்த ஏற்பாட்டை ரயிலுக்குப் பொறியாளர் வெஸ்டிங்ஹவுஸ் 1872லேயே கொண்டுவந்துவிட்டார். இரவெல்லாம் காலியாகக் கிடக்கும் அறை வழியாக டேங்க் ஏர் எப்படி இறங்கும்? டேங்கின் வடிகால் வால்வு, டிரையர், ஃபுட் வால்வு, ஹேண்ட் பிரேக் வால்வு, பைப் இணைப்புகள் ஆகியவற்றில்தான் தேட வேண்டும். சோப்பு நுரை தடவினால் கசியும் இடம் குமிழியிடும். பூஸ்டரைச் சோதிக்க வேறு வழி உண்டு. சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, ஏரை முழுதாக ஏற்றி, லிவரை எடுத்துவிடுங்கள். கால் பிரேக்கைத் தொடாதபோதே ஃபுட் வால்வு அல்லது ரிலே வால்வின் வெளியேற்று வாயில் ஏர் சீறி, லிவரைப் போட்டதும் சீற்றம் நின்றால், பூஸ்டரின் உள் சீல் போயிருக்கிறது. அப்போது தயங்காமல் மாற்றுங்கள்.

ஏர் நிறைந்தும் சக்கரம் விடாதது வேறு கோளாறாக இருக்கலாம். ஏறக்குறைய 5 பார் அழுத்தம் பூஸ்டருக்கே வந்து சேர்ந்தால்தான் ஸ்பிரிங் மடங்கும். டாஷ்போர்டு கேஜ் டேங்கை மட்டுமே காட்டும். ஆகவே பூஸ்டர் வாயில் தனியாக ஒரு கேஜ் வைத்துப் பாருங்கள். அங்கே அழுத்தம் வராவிட்டால் வால்வோ பைப்போ அடைத்திருக்கிறது. வந்தும் விடாவிட்டால் பிரேக் ஷூ டிரம்மோடு துருவில் ஒட்டியிருக்கலாம், கேம் ஷாஃப்ட் இறுகியிருக்கலாம். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும், உப்புக்காற்று ஓயாத அந்தமானில் இது எதிர்பார்க்க வேண்டியதே. ஈரக்காற்றை அழுத்தினால் தண்ணீர் பிரியும். டிரையர் கார்ட்ரிட்ஜ் சோர்ந்துவிட்டால் அந்தத் தண்ணீர் வால்வுகளுக்குள் போய்த் துருவாகும்.

பூஸ்டர் மாற்றியதும் பக்கத்து லாரிக்குச் சரியானதே என்பீர்கள். மாற்றும்போது பைப் இணைப்புகளையும் கழற்றி இறுக்குகிறார்கள், ஸ்லாக் அட்ஜஸ்டரையும் சரிசெய்கிறார்கள். எது தீர்த்தது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. வழியில் ஜிர்காடாங் செக்போஸ்ட்டில் வண்டிகளைச் சேர்த்து அனுப்பும் கான்வாய் கிளம்பிவிடும், அவசரத்துக்குப் பூஸ்டரில் உள்ள போல்ட்டைத் திருகி ஸ்பிரிங்கை மடக்கிக்கொண்டு போகலாமே என்ற வாதமும் உண்டு. அவசரம் புரிகிறது. ஆனால் அந்தப் போல்ட் பழுது பார்க்கவும் வண்டியை இழுத்துச் செல்லவும் மட்டுமே. மடக்கிய பூஸ்டருக்கு ஹேண்ட் பிரேக் கிடையாது. மிடில் ஸ்ட்ரெய்ட் படகின் சரிவில் சரக்கோடு ஏறும் லாரி பின்னால் உருண்டால், அங்கே நிற்பவர்கள் பாராடாங் போகும் பயணிகள்.

தினமும் வேலை முடிந்ததும் டேங்க் தண்ணீரை வடித்துவிடுங்கள். பூஸ்டரின் கிளாம்பை மட்டும் யாரையும் கழற்ற விடாதீர்கள், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் ஏறக்குறைய ஒரு டன் விசையோடு அழுந்தியிருக்கிறது.