‘சூப்பர்’ என்றால் போதுமா? – ஒட்டுப்படங்களைப் பார்க்கும் முறை



நம் துறையில் நடந்த ஒட்டுப்படப் போட்டிக்கு வந்த படங்களை லேப் சுவரில் வரிசையாக ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளைத் தொங்கவிட்டு, ‘பார்ப்பவர்கள் தங்கள் கருத்தை எழுதவும்’ என்று போட்டிருந்தோம். மூன்று நாள் கழித்துத் தாள்களைக் கழற்றித் தொகுக்கிற வேலை என் தலையில் விழுந்தது. பெரும்பாலும் இருந்தவை இவ்வளவுதான்: ‘சூப்பர்’, ‘செம மாப்ள’, ‘சுமார்’, ‘இது ஃபேக்’. கடைசியாகச் சொன்னதைப் படித்துச் சிரித்துவிட்டேன். ஒட்டுப்படப் போட்டிக்கு வந்த படத்தை ஃபேக் என்பது, சாம்பாரைப் பார்த்து இதில் பருப்பு கிடக்கு என்று புகார் சொல்கிற மாதிரி.

சிரிப்போடு விட்டுவிட முடியவில்லை. நம்மில் பலர் டிப்ளமோ முடித்து ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ராஜபாளையத்திலோ ஸ்டுடியோவில், ஃப்ளெக்ஸ் கடையில், கல்யாண ஆல்பம் டிசைனில் உட்காரப் போகிறவர்கள். சிவகாசியில் காலண்டர் அச்சகங்களுக்குப் போகிறவர்களும் உண்டு. அங்கே வரும் வாடிக்கையாளர் ‘என்னமோ மாதிரி இருக்கு தம்பி, மாத்துங்க’ என்பார். எது என்னமோ மாதிரி இருக்கிறது என்று அவருக்குச் சொல்லத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கிறவனுக்குத்தான் அங்கே வேலை நிலைக்கும். அந்தப் பழக்கத்தை இங்கேயே, ஒருத்தர் படத்தை ஒருத்தர் பார்த்து, கற்றுக்கொள்ளலாமே என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் கொஞ்சம் சரித்திரம். ஒட்டுப்படம் கம்ப்யூட்டரோடு பிறந்ததல்ல. 1857-இல் இங்கிலாந்தில் ரெய்லாண்டர் என்பவர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படமாக அச்சிட்டு, மான்செஸ்டர் கண்காட்சியில் வைத்தார். விக்டோரியா மகாராணியே அதில் ஒரு பிரதி வாங்கினார். நம் நாட்டில், ராஜஸ்தானத்து நாத்துவாராவில், ஸ்ரீநாத்ஜியை ஓவியமாகத் தீட்டி, எதிரே கும்பிட்டு நிற்கும் பக்தருக்கு மட்டும் அவருடைய போட்டோவிலிருந்து முகத்தை வெட்டி ஒட்டிக் கொடுத்தார்கள். தமிழ் சினிமாவில் 1940-இல் ‘உத்தமபுத்திரன்’ படத்திலேயே பி.யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் வந்துவிட்டார். ஃபிலிமில் பாதியை மறைத்து ஒரு தடவை, மீதியை மறைத்து இன்னொரு தடவை எடுப்பது அந்தக் காலத்து வழி. நாம் இன்று ‘மாஸ்க்’ என்று சொல்கிறோமே, அதற்குப் பாட்டன் இதுதான். நால் சகோதரர்களின் போட்டோஷாப் 1990-இல் வந்தது. லேயர் வசதி 1994-இல்தான் சேர்ந்தது. காசு இல்லாதவர்களுக்கு ‘கிம்ப்’ இருக்கிறது. நம் போட்டிக்குப் பாதிப்பேர் அதில்தான் செய்தார்கள்.

சரி, படங்களுக்கு வருவோம்.

‘விடியல்’ என்று தலைப்பிட்ட ஒரு படம். முன்னால் ஆண்டாள் கோயில் ராஜகோபுரம், பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை, மலைக்கு மேலே செக்கச்செவேலென்று சூரியன் எழுகிறது. வெட்டு சுத்தம், நிறம் பிரமாதம். தாள் முழுக்க ‘சூப்பர்’. ஆனால் நண்பர்களே, மலை நமக்கு எந்தத் திசையில் இருக்கிறது? பெயரிலேயே இருக்கிறதே! எங்கள் சுந்தரபாண்டியத்தில் நின்று பார்த்தாலும், ராஜபாளையத்தில் நின்று பார்த்தாலும் சூரியன் அந்த மலைக்குப் பின்னால் விழும், எழாது. தலைப்பை ‘அந்தி’ என்று மாற்றினால் பாதிக் குற்றம் போய்விடும். மீதிப் பாதி போகாது. சூரியன் கோபுரத்துக்குப் பின்னால் இருந்தால், நம்மைப் பார்த்த பக்கம் நிழலாக, கருத்துத் தெரிய வேண்டும். இந்தப் படத்தில் கோபுரத்தின் முன்பக்கம் சிற்பம் சிற்பமாகப் பளிச்சென்று நிற்கிறது. அந்தத் தாளின் மூலையில் ஒருத்தர் மட்டும், ‘வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்து வருது?’ என்று எழுதியிருந்தார். பேர் போடவில்லை. மூன்று நாளில் எழுதப்பட்டவற்றில் இதுதான் எனக்குப் பிடித்த கருத்து. திட்டவில்லை, புகழவில்லை, செய்தவன் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டிய இடத்தை மட்டும் காட்டியிருக்கிறது.

வெளிச்சத்தின் திசையைக் கண்டுபிடிக்கக் கஷ்டமே இல்லை. மனித முகமென்றால் மூக்கின் நிழல் எந்தக் கன்னத்தில் விழுகிறது என்று பாருங்கள். தூண், கம்பம் என்றால் தரையில் விழும் நிழல். படத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் அது ஒரே பக்கம் விழ வேண்டும். நிழலே இல்லாமல் நிற்கிற ஆளை நம் ஊரில் என்னவென்று சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொரு படம்: நம் வகுப்பு மாணவர்களுக்கு நடுவே காமராஜர் நிற்கிறார். நல்ல கற்பனை, நம் மாவட்டத்துப் பெருமையும்கூட. ஆனால் பார்த்தவுடனே அவர் ஏதோ குழிக்குள் இறங்கி நிற்கிற மாதிரி இருந்தது. தாளில் ‘சைஸ் சரியில்லை’ என்று ஒருவர், ‘இன்னும் பெரிசாக்கு’ என்று ஒருவர். இங்கே ஒரு விதி தெரிந்திருந்தால் வேலை சுலபம். நாம் நின்றபடி கண் உயரத்தில் கேமராவைப் பிடித்து எடுத்தால், அதே சமதரையில் நிற்கிற, நம் உயரம் உள்ள எல்லோருடைய கண்ணும் தொடுவானக் கோட்டில்தான் வரும். பத்தடியில் நின்றாலும் சரி, நூறடியில் நின்றாலும் சரி. தூரத்தில் நிற்கிறவரின் கால்தான் படத்தில் மேலே ஏறும். கண் அதே கோட்டில் இருக்கும். காமராஜரோ நல்ல உயரம். அவர் கண் மாணவர்களின் கண்ணுக்குக் கொஞ்சம் மேலே நிற்க வேண்டும். இந்தப் படத்தில் அவர் முன்வரிசையில் நின்றும் கண் கீழே போய்விட்டது. ‘கண் கோட்டுக்கு மேலே ஏற்றி, அதற்கு ஏற்ற அளவுக்குப் பெரிதாக்கு’ என்று எழுதியிருந்தால் செய்தவர் ஐந்து நிமிஷத்தில் முடித்திருப்பார்.

ராஜபாளையம் நாய் படம் மூன்று வந்தது. (2005-இல் தபால்தலையிலேயே இடம்பெற்ற நாயாச்சே!) மூன்றிலும் ஒரே கோளாறு. பால் வெள்ளை நாயைப் பச்சைப் புல்லில் எடுத்து, வெட்டி, சிவப்பு மண்ணில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். வெள்ளை எதையும் வாங்கிக் காட்டும். புல்லில் நின்ற நாயின் வயிற்றடியிலும் கால் உட்புறத்திலும் பச்சைச் சாயல் ஏறியிருக்கும். ஓரத்தை எவ்வளவு நுணுக்கமாக வெட்டினாலும் அந்தப் பச்சை கூடவே வரும். அதை எடுத்துவிட்டு மண்ணின் செம்மையை அங்கே மெல்ல ஏற்ற வேண்டும். ‘ஓரம் சரியில்லை’ என்பது பாதிக் கருத்து. ‘வயிற்றடியில் பச்சை இருக்கு’ என்பது முழுக் கருத்து.

எல்லோரையும் சிரிக்க வைத்தது சாம்பல் நிற அணில் படம்தான். ஆடிப்பூரத் தேர் மேல், தேரில் பாதி உயரத்துக்கு நம் மலை அணில் உட்கார்ந்திருக்கிறது. 1988-இல் நம் மலையில் அந்த அணிலுக்கென்றே சரணாலயம் அமைத்தார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. தாளில் ஒரு நண்பர் கோபமாக, ‘அணில் இவ்வளவு பெரிசா இருக்காது’ என்று எழுதியிருந்தார். அது செய்தவருக்கும் தெரியும் சாமி! வேண்டுமென்றே செய்ததைத் தவறு என்று சொல்வது கருத்தாகாது. முதலில், இவர் என்ன செய்ய நினைத்தார் என்று பார்க்க வேண்டும். பிறகு அது நடந்ததா என்று பார்க்க வேண்டும். வேடிக்கைப் படத்துக்கும் நிழல் உண்டு. இந்த அணிலின் நிழல் தேர்த்துணியில் விழவில்லை, அதனால் அது உட்காராமல் மிதக்கிறது. இன்னொன்று, வடம் பிடிக்கிற கூட்டத்தில் ஒருத்தரும் அணிலை ஏறிட்டுப் பார்க்கவில்லை. இது குறையா, குசும்பா என்று எங்களுக்குள் பெரிய விவாதமே நடந்தது. நான் குசும்புக் கட்சி.

கண் பழகிப்போனால் எதுவும் தெரியாது. அதற்கு இரண்டு உபாயம். படத்தை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். புதுப்படம் பார்க்கிற மாதிரி கோணல்கள் தெரியும். நிறத்தை எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். ஒட்டின துண்டு மட்டும் தனியாக வெளுத்தோ கறுத்தோ நிற்பது தெரிந்துவிடும்.

இவ்வளவும் ‘நம்புகிற மாதிரி ஒட்டுவது’ பற்றியது. அப்படியானால் ஊரை நம்ப வைத்து ஏமாற்றவும் இதே வித்தை உதவுமே என்று ஜூனியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. 2003-இல் ஈராக் போரின்போது லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் பத்திரிகையின் போட்டோகிராபர் பிரையன் வால்ஸ்கி, பாஸ்ராவில் அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களைச் சேர்த்து ஒன்றாக்கி அனுப்பினார். ஒன்றில் சிப்பாயின் கைவீச்சு நன்றாக இருந்தது, மற்றதில் குழந்தையைத் தூக்கி வந்த மனிதர் நன்றாக இருந்தார், அவ்வளவுதான் காரணம். பின்னணியில் உட்கார்ந்திருந்த சிலர் அதே படத்தில் இரண்டு தடவை இருப்பதை இன்னொரு பத்திரிகை அலுவலகத்தில் ஒருவர் கவனித்துவிட்டார். வால்ஸ்கிக்கு வேலை போயிற்று. நம் பக்கத்திலேயே, 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தைப் பிரதமர் வானிலிருந்து பார்வையிட்ட படம் ஒன்றை மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் வெளியிட்டது. ஜன்னலுக்கு வெளியே தெரிந்த காட்சி தனியாக ஒட்டப்பட்டது என்பதைப் பார்த்தவர்கள் உடனே பிடித்துவிட்டார்கள். படம் நீக்கப்பட்டது, இரண்டு படங்கள் சேர்க்கப்பட்டுவிட்டன என்று அலுவலகமே விளக்கம் கொடுத்தது. செய்தி என்று சொல்லிக் கொடுக்கும் படத்தில் ஒட்டு கூடாது. 1932-இல் ஜெர்மனியில் ஜான் ஹார்ட்ஃபீல்ட், ஹிட்லரின் நெஞ்சுக்குள் எக்ஸ்ரே மாதிரி தங்கக் காசுகளை அடுக்கிக் காட்டினார். அதை நிஜ எக்ஸ்ரே என்று எவனும் நினைக்கவில்லை. பார்க்கிறவனுக்கு ஒட்டு என்று தெரியுமா, தெரியாதா? எனக்குத் தெரிந்து கோடு அங்கேதான் இருக்கிறது. அதனால்தான் கூடப் படிக்கிற பெண்ணின் முகத்தை அவருக்குத் தெரியாமல் எடுத்து எங்கேயோ ஒட்டுவதை யாரும் ‘சும்மா வேடிக்கை’ என்று சொல்ல நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அப்படி ஒரு படம் வந்தால் அதற்குக் கருத்துத்தாள் கிடையாது, கழற்றி எறிய வேண்டியதுதான்.

2023-இல் இருந்து போட்டோஷாப்பிலேயே வார்த்தை அடித்தால் படத்துண்டு வந்துவிடுகிறது. அப்படி வந்த படங்களும் போட்டியில் இருந்தன. எனக்கு ஆட்சேபணை இல்லை. லேயர் ஃபைலைக் காட்டி, எது எங்கிருந்து வந்தது என்று சொன்னால் போதும். நிழலும் கண்கோடும் அதற்கும் பொருந்தும்.

கடைசியாக, நான் அதிக நேரம் நின்று பார்த்த படம். அந்த நண்பரின் அனுமதியோடு, பேர் சொல்லாமல் எழுதுகிறேன். அக்கா கல்யாணத்துக்கு முன்பே அப்பா காலமாகிவிட்டார். கல்யாண குரூப் போட்டோவில் அப்பாவைச் சேர்த்திருக்கிறான். உடம்பு சித்தப்பாவுடையது, முகம் பாஸ்போர்ட் போட்டோவிலிருந்து. விஷயம் தெரியாத யாரோ தாளில் ‘தலை தனியா தெரியுது’ என்று எழுதியிருந்தார்கள். உண்மைதான். ஆனால் என்ன செய்ய என்று அதில் இல்லை. சுவரில் மாலை போட்ட படமாக வைத்துவிடலாமே என்று நான் கேட்டேன். ‘மாலை போட்டா செத்துட்டார்னு அர்த்தம். எனக்கு அவர் நிக்கணும்டா’ என்றான்.

உட்கார்ந்து கணக்குப் போட்டோம். பன்னிரண்டுக்கு எட்டு அங்குல பிரிண்ட், அங்குலத்துக்கு 300 புள்ளி. ஆக உயரம் 2400. நிற்கிற ஆள் அதில் மூன்றில் இரண்டு பங்கு, 1600. தலை என்பது உடம்பில் ஏழரையில் ஒரு பங்கு. அப்போ தலைக்கு சுமார் 213 புள்ளி போதும். பாஸ்போர்ட் படத்தில் அதைவிட எவ்வளவோ அதிகம் இருந்தது. ஆனால் நேருக்கு நேர் ஃப்ளாஷ் அடித்து எடுத்தது, மூக்குக்கு நிழலே இல்லை. வீட்டில் தேடச் சொன்னேன். கோயிலுக்குப் போனபோது எடுத்த பழைய குரூப் போட்டோ ஒன்று கிடைத்தது. ஓரத்தில் அப்பா, தலை ஒரு சென்டிமீட்டர்தான். 600-இல் ஸ்கேன் செய்தால் ஒரு சென்டிமீட்டருக்கு 236 புள்ளி. போதுமே! சாயங்கால வெளிச்சம், பக்கவாட்டில் இருந்து விழுகிறது. ஆனால் கல்யாணப் படத்தில் வெளிச்சம் மறுபக்கம். முகத்தை இடவலமாகத் திருப்பிவிடலாம் என்று ஒருத்தன் சொன்னான். கன்னத்து மச்சமும் பக்கம் மாறிவிடும், அம்மா பார்த்தவுடனே சொல்லிவிடுவார். அதனால் முகத்தை அப்படியே வைத்து, குரூப்பின் மறு ஓரத்துக்கு, பந்தல் துணி வெளிச்சத்தை எதிரொளிக்கிற பக்கத்துக்கு அப்பாவைக் கொண்டுபோனோம். பழைய படத்தின் சொரசொரப்பை மற்ற முகங்களிலும் கொஞ்சம் தூவினோம். கழுத்து ஒட்டு சட்டைக் காலருக்குள் மறைந்துவிட்டது.

பிரிண்ட் போட்டு அம்மாவிடம் காட்டியிருக்கிறான். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, ‘அவுக மேல் பட்டனைப் போடவே மாட்டாகளேப்பா’ என்றாராம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அதே ஐந்தரை மணி வெயிலில், சித்தப்பாவை அதே வெள்ளைச் சட்டையில் மேல் பட்டனைக் கழற்றி நிற்க வைத்து மறுபடி எடுத்தோம்.